தலைக்குள் நீர்க்கட்டி, கையில் எம்.ஆர்.ஐ. படம்: டாக்டரிடம் கேளுங்கள்

கேள்வி: தலைவலிக்காக ஸ்கேன் எடுத்ததில், 14 வயது மகனுக்கு மூளையில் ‘அரக்னாய்டு சிஸ்ட்’ இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆபரேஷன் எப்போது செய்ய வேண்டியிருக்கும் டாக்டர்?
— ஒரு தாய், கரூர்

பதில்: பெரும்பாலும் எப்போதுமே செய்ய வேண்டியிருக்காது. முதலில் அடுப்பைப் பற்ற வையுங்கள் அம்மா.

நம் எல்லோருக்கும் மூளையைச் சுற்றித் தெளிந்த நீர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. மூளையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு கருவிலேயே இரண்டாகப் பிரிந்து, அந்த நீர் நடுவில் தேங்கிவிடுவதுதான் அரக்னாய்டு சிஸ்ட். இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுப்பவர்களில் நூற்றுக்கு ஓரிருவருக்கு இது கண்ணில் படுகிறது. நெற்றிப்பொட்டுக்குப் பின்னால், இடது பக்கத்தில், ஆண் பிள்ளைகளுக்கு அதிகம்.

படத்தில் நாங்கள் தேடுவது சில விஷயங்களை. கட்டி பக்கத்து மூளையை அழுத்தி நசுக்குகிறதா, நடுக்கோடு நகர்ந்திருக்கிறதா, மூளையின் நீரறைகள் வீங்கியிருக்கின்றனவா. படத்துக்கு வெளியே தேடுவதும் உண்டு: விடியற்காலை தலைவலியும் வாந்தியும், வலிப்பு, பார்வை மங்கல், கண்ணின் உட்புற நரம்பு வீக்கம். இவை எதுவும் இல்லையென்றால் உங்கள் மகனின் தலைவலிக்கும் கட்டிக்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்புக் குறைவு. கண்ணாடி தேவைப்படுகிறதா, தூக்கம் போதுமா, ஒற்றைத் தலைவலியா என்று பார்க்க வேண்டும். சில மாதங்கள் கழித்து இன்னொரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தாலே பலருக்குப் போதும்.

விளையாடத் தடை போடாதீர்கள். தலையில் பலமாக அடிபட்டால் இந்தக் கட்டி உள்ளவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் சற்றுக் கூடுதல். அதனால் சைக்கிளுக்கும் கிரிக்கெட்டுக்கும் ஹெல்மெட் கட்டாயம். குத்துச்சண்டை போன்றவற்றை மட்டும் உங்கள் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: இதுவரை மூன்று எம்.ஆர்.ஐ. எடுத்தாகிவிட்டது. உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு ஏறியிருக்கும்?
— வாசகர், திண்டிவனம்

பதில்: துளிகூட ஏறவில்லை. எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும்தான் கதிர்வீச்சில் வேலை செய்பவை. எம்.ஆர்.ஐ.யில் இருப்பது காந்தமும் ரேடியோ அலையும். உங்கள் உடம்பிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் காந்தத்தில் அணிவகுக்கின்றன. ரேடியோ அலை அவற்றைக் கலைக்கிறது. திரும்ப அணிவகுக்கும்போது அவை தரும் சமிக்ஞையே படமாகிறது. இந்த வழியைத் திறந்துவிட்ட பால் லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: சிடி ஸ்கேனிலேயே கட்டி தெரிந்துவிட்டது. பிறகு எதற்கு எம்.ஆர்.ஐ.? பணம் கறக்கவா?
— சிறு வியாபாரி, விருதுநகர்

பதில்: உங்கள் கோபம் நியாயம். கடன் வாங்கி ஸ்கேன் எடுப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் இந்தச் செலவு தேவையானது. சிடி, உள்ளே ஒரு நீர்க்கட்டி இருப்பதைச் சொல்லும். அதற்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல எம்.ஆர்.ஐ. வேண்டும்.

சிடியில் மூன்று பேருக்கு ஒரே மாதிரி கறுப்பு வட்டம் தெரிகிறது என்று வையுங்கள். எம்.ஆர்.ஐ.யில் ‘ஃப்ளேர்’ என்றொரு வரிசை உண்டு. மூளைத் தண்ணீரின் வெளிச்சத்தை மட்டும் அணைத்துவிடும் படம் அது. முதலாமவரின் கட்டி அதில் முழுக்கக் கறுத்துப்போனால் உள்ளே இருப்பது வெறும் தண்ணீர், அரக்னாய்டு சிஸ்ட். இரண்டாமவரின் கட்டி முழுதும் கறுக்காமல் கலங்கலாக நின்று, ‘டிஃப்யூஷன்’ படத்தில் பளீரென்று வெளுத்தால் அது எபிடெர்மாய்டு. தோல் செல்கள் தப்பிப்போய் மூளைக்குள் அடுக்கடுக்காகச் சேர்ந்த முத்து நிறக் கட்டி. மூன்றாமவருக்கு டிஃப்யூஷனில் வெளுப்பு, மருந்து ஏற்றினால் ஓரத்தில் வளையம், கூடவே காய்ச்சல் என்றால் சீழ்க்கட்டி.

முதலாமவரை வீட்டுக்கு அனுப்பலாம். இரண்டாமவருக்கு நுண்ணோக்கி வைத்து நரம்பு நரம்பாகப் பிரித்தெடுக்க வேண்டும். முக நரம்பில் ஒட்டியிருக்கும் துணுக்கைப் பிடிவாதமாகப் பிய்க்காமல் விட்டுவரும் பக்குவமும் வேண்டும். மூன்றாமவருக்கு அன்றைக்கே சீழை வெளியேற்றியாக வேண்டும்.

சிடியும் தள்ளுபடி இல்லை. அடிபட்டு, நினைவு தப்பி வருபவருக்கு அதுதான் முதல் படம். நிமிடங்களில் முடிந்துவிடும். சுண்ணாம்பு படிந்த பழைய நாடாப்புழுக் கட்டியை (அதைப் பற்றிக் கீழே) அது நன்றாகக் காட்டும்.

கேள்வி: தாலியைக் கழற்றச் சொல்கிறார்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காதே?
— வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: இழுக்காதுதான். ஆனால் ரேடியோ அலையில் உலோகம் சூடேறித் தோலைச் சுடலாம், படத்தையும் கெடுக்கும். தாலிக்கொடியில் மாட்டியிருக்கும் ஊக்கு இரும்பு, அது பறக்கும். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். மெட்டி, மூக்குத்தி, தலைமுடி கிளிப், குழந்தையின் அரைஞாண் கயிற்றுத் தாயத்து எல்லாம் வெளியே இருக்கட்டும்.

சாதாரண 1.5 டெஸ்லா இயந்திரத்தின் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு வலியது. படம் எடுக்காத நேரத்திலும் அது விழித்தே இருக்கும். பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட பழைய கிளிப், வெல்டிங் வேலையில் கண்ணில் தெறித்த இரும்புத்தூள் — எது இருந்தாலும் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் பரம்பரையாகச் சுத்த சைவம். தங்கைக்கு வலிப்பு வந்து எம்.ஆர்.ஐ. எடுத்தால் பன்றி நாடாப்புழுவின் முட்டை மூளையில் என்கிறார்கள். வெளியே சொல்லவே கூசுகிறது. எப்படி வந்தது?
— வாசகர், கும்பகோணம்

பதில்: கூச எதுவும் இல்லை. பன்றிக்கறியே தொடாதவர்களுக்கும் இது வரும். சரியாக வேகாத பன்றிக்கறி தின்றவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும். அவருடைய மலத்தில் வெளியேறும் முட்டை கழுவாத கை வழியாகவோ, கழிவுநீர் கலந்த தண்ணீர் வழியாகவோ, பச்சைக் காய்கறி வழியாகவோ யார் வயிற்றுக்குள் போனாலும், குஞ்சு ரத்தத்தில் ஏறி மூளையில் போய் உட்காரும். சுத்த சைவரின் கொத்தமல்லிச் சட்னி வழியாகவும் வரலாம்.

இந்த நோய் விஷயத்தில் வேலூர் செய்த காரியத்தைச் சொல்லாமல் நகர மனமில்லை. நம் நாட்டில் வலிப்போடு வருபவர்களுக்கு சிடியில் ஒற்றைச் சிறு வளையம் தெரிந்தால், காசநோய்க் கட்டி என்று வைத்து மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்த காலம் ஒன்று இருந்தது. சிலருக்கு மண்டையைத் திறந்து எடுத்ததும் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் 1980களின் இறுதியிலிருந்து இந்தக் கட்டிகளைப் பரிசோதித்துப் பார்த்து, பெரும்பாலானவை செத்துக்கொண்டிருக்கும் புழுக்கட்டிகள் என்று காட்டினார்கள். விட்டுவைத்தாலே பல மறைந்துவிடும் என்பதையும் கண்டார்கள். கத்தியும் வேண்டாம், காசநோய் மருந்தும் வேண்டாம் என்று எவருக்குச் சொல்லலாம் என அடையாளங்களும் வகுத்துக் கொடுத்தார்கள்: ஒரே கட்டி, 20 மில்லிமீட்டருக்கு மேல் இல்லை, நடுக்கோடு நகரவில்லை, கை கால் பலவீனம் கூடிக்கொண்டே போகவில்லை, மண்டைக்குள் அழுத்த அறிகுறி இல்லை, உடம்பில் வேறு நோய் இல்லை. இத்தனைக்கும் அப்போது கையில் இருந்தது சிடி படம்தான். எத்தனை மண்டைகள் திறக்கப்படாமல் தப்பியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்றைய எம்.ஆர்.ஐ.யில் நீர்ப்பைக்குள் புழுவின் தலையே புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி தெரிந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. தங்கைக்கு வலிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். மருந்துக்கடையில் பூச்சி மாத்திரை வாங்கி நீங்களாகக் கொடுக்கவும் வேண்டாம். புழு சாகும்போது சுற்றிலும் மூளை வீங்கும். கண்ணைப் பரிசோதித்து, வீக்கத்துக்கான ஸ்டீராய்டும் சேர்த்து டாக்டர்தான் தர வேண்டும்.

கேள்வி: அதே புழுக்கட்டிதான் என் அப்பாவுக்கும். நான்காவது நீரறையில் இருக்கிறதாம். பத்து நாளைக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. இருக்க, ஆபரேஷன் அன்று காலையில் மறுபடி எடுக்கச் சொல்கிறார் சர்ஜன். தேவையா?
— வாசகி, ஓசூர்

பதில்: கட்டாயம் தேவை. இந்தக் கட்டி மிதக்கும். படுக்கும்போது ஓரிடத்தில், எழுந்தால் வேறிடத்தில் என்று நீரறைகளுக்குள் ஊர்ந்து போனதாக மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு. பழைய படத்தை நம்பிப் பின்மண்டையைத் திறந்தால், கட்டி மேலே மூன்றாவது அறைக்குப் போயிருக்கலாம். அங்கே போயிருந்தால் முன்பக்கம் ஒரு சின்னத் துளை போட்டு எண்டோஸ்கோப்பாலேயே எடுத்துவிடலாம். வழி முழுவதும் மாறிவிடுகிறது. காலையில் படம் எடுக்கச் சொன்ன அந்த சர்ஜன் அக்கறையானவர்.

இன்னொன்று. இதன் சுவர் கண்ணாடி போல இருப்பதால் சாதாரண எம்.ஆர்.ஐ. வரிசைகளில் மறைந்துகொள்ளும். ‘சிஸ்’ அல்லது ‘ஃபியெஸ்டா’ என்கிற மெல்லிய துண்டுப் படங்களில்தான் சவ்வு கோடாகத் துலங்கும். ரிப்போர்ட்டில் அவை எடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்கள்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. இயந்திரம் ஏன் அப்படித் தடதடக்கிறது?
— கல்லூரி மாணவர், காரைக்கால்

பதில்: காந்தப்புலத்துக்குள் இருக்கும் கம்பிச்சுருள்களில் மின்சாரத்தை விட்டு விட்டுப் பாய்ச்சுகிறார்கள். ஒவ்வொரு பாய்ச்சலிலும் சுருள் அதிர்கிறது. காதடைப்பான் தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எனக்குக் ‘கொலாய்டு சிஸ்ட்’, 12 மில்லிமீட்டர். இதற்குப் போய் மண்டையைத் திறப்பதா என்று மச்சான் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— வங்கி ஊழியர், நாகர்கோவில்

பதில்: சர்ஜன் பேச்சை. அதுவும் தாமதிக்காமல்.

கட்டி சின்னது, இருக்கும் இடம் பொல்லாதது. மூளையின் இரண்டு பெரிய நீரறைகளும் மூன்றாவது அறைக்கு இறங்கும் வாசலில் அது உட்கார்ந்திருக்கிறது. வாசலை அடைத்துவிட்டால் சில மணி நேரத்தில் நினைவு தப்பலாம், உயிரும் போகலாம். 7 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்து, அறைகள் வீங்காமல், அறிகுறி இல்லாமல் இருப்பவர்களை வருடா வருடம் படமெடுத்துக் கவனித்து வரலாம். உங்களுடையது அந்த அளவைத் தாண்டிவிட்டது. தலைவலி திடீரென்று உச்சத்துக்கு ஏறுகிறதா, நடக்கும்போது கால் மடங்குகிறதா என்று உடனே சொல்லுங்கள். இந்த நிலையில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

இனி உங்கள் படத்தை சர்ஜன் எப்படிப் படிக்கிறார் என்று சொல்கிறேன், பயம் பாதி குறையும். முதலில் நீரறைகளின் அகலம். விரிந்திருந்தால் எண்டோஸ்கோப் நுழைய இடம் இருக்கிறது. குறுகியிருந்தால் இரண்டு மூளைப் பாதிகளுக்கும் நடுவே இறங்கி, அவற்றை இணைக்கும் பாலத்தில் சின்னக் கீறல் போட்டுப் போகும் வழியை யோசிப்பார். அடுத்து ‘டி2’ என்ற எம்.ஆர்.ஐ. வரிசையில் கட்டியின் நிறம். கறுப்பாக இருந்தால் உள்ளே கெட்டியான கூழ், உறிஞ்சினால் வராது, அதற்கேற்ற கருவி வேண்டும். பிறகு ரத்தக்குழாய்ப் படம். மூளையின் மேல்பரப்பிலிருந்து நடுவிலுள்ள பெருஞ்சிரைக்கு வந்து சேரும் சிரைகளில் எது எங்கே குறுக்கிடுகிறது என்று பார்த்து, இரண்டு சிரைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் வாசல் வைப்பார். கடைசியாக ஃபோர்னிக்ஸ். கட்டியை அணைத்தாற்போல் வளைந்து போகும் மெல்லிய நரம்புக்கற்றை அது. அது காயப்பட்டால் புது நினைவுகள் தங்காது. பணம் எண்ணும் உங்கள் வேலைக்கு அந்தக் கற்றை எவ்வளவு முக்கியம் என்று சர்ஜனுக்குத் தெரியட்டும். உங்கள் தொழிலை அவரிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: என் கணவர் தவில் வித்வான். இடப்பக்க மூளையில் நீர்ப்பையோடு கூடிய கட்டி. ஸ்கேனுக்குள் படுக்க வைத்து விரலைத் தட்டச் சொன்னார்களாம். எதற்கு?
— வாசகி, மயிலாடுதுறை

பதில்: வலது கையைக் காப்பாற்றத்தான். விரல் அசையும்போது அந்த விரலை ஆளும் இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும். ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் இறங்கிய ரத்தமும் காந்தத்தில் வேறு வேறாக நடந்துகொள்ளும். செய்ஜி ஒகாவா 1990-ல் இதைக் காட்டினார். அந்த வித்தியாசத்தை வைத்து ‘கை இங்கே, பேச்சு இங்கே’ என்று குறித்துக்கொள்கிறார்கள். நரம்புக்கற்றைகள் ஓடும் திசையைக் காட்டும் இன்னொரு படமும் உண்டு. கட்டி அந்தக் கற்றையைத் தள்ளியிருக்கிறதா, ஊடுருவியிருக்கிறதா என்பதில்தான் எவ்வளவு எடுக்கலாம் என்பது அடங்கியிருக்கிறது.

ஆனால் இந்த வண்ணப் படங்கள் கணக்குப் போட்டுப் பெறுபவை. கட்டிக்குப் பக்கத்தில் ரத்த ஓட்டமே மாறியிருக்கும், கணக்கும் தவறலாம். அதனால் தேவைப்பட்டால் அறுவையின் நடுவில் அவரை விழிக்க வைத்து, மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்து, விரலை அசைக்கச் சொல்வார்கள். மூளைக்கு வலி தெரியாது. அவர் பயப்படாமல் இருக்க முன்கூட்டியே விளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நீர்க்கட்டிதானே? ஊசி போட்டு நீரை உறிஞ்சிவிட்டால் முடிந்ததே!
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: மறுபடி ஊறும். சிறுமூளையில் வரும் ஹீமாஞ்சியோபிளாஸ்டோமாவைப் பாருங்கள். பெரிய நீர்ப்பை, அதன் சுவரில் சின்ன முடிச்சு. நீரைச் சுரப்பது அந்த முடிச்சுதான். கெடோலினியம் என்ற மருந்தை ஏற்றி எடுத்த எம்.ஆர்.ஐ.யில் முடிச்சு மட்டும் விளக்காக ஒளிரும். அதை எடுத்துவிட்டால் போதும், ஒளிராத பைச்சுவரைத் தொட வேண்டியதில்லை, பை தானாகச் சுருங்கும்.

கேள்வி: தலையில் வட்ட ஸ்டிக்கர் ஒட்டி எம்.ஆர்.ஐ. எடுத்து, ‘நேவிகேஷன்’ என்றார்கள். கம்ப்யூட்டரா ஆபரேஷன் செய்யப்போகிறது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி

பதில்: மனிதர்தான் செய்வார், கம்ப்யூட்டர் இடம் காட்டும். மூக்கு, காது உட்பட முழுத் தலையையும் சுமார் 1 மில்லிமீட்டர் துண்டுகளாகப் படமெடுத்து, மேசையில் படுத்திருக்கும் உங்கள் தலையோடு பொருத்துகிறார்கள். கருவியின் நுனி இப்போது எங்கே நிற்கிறது என்று திரையில் தெரியும். பொருத்துவதற்கு அந்த ஸ்டிக்கர்கள்தான் அடையாளம். குளிக்கும்போது பிய்த்துவிடாதீர்கள்.

நீர்க்கட்டி விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. கட்டியைத் துளைத்து நீர் வடிந்த மாத்திரத்தில் மூளை இடம் மாறும். காலையில் எடுத்த படம் அந்த நொடியிலேயே பழசாகிவிடும். அதனால் முக்கியமான இடங்களையெல்லாம் நீர் வடியும் முன்பே அடையாளம் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு அல்ட்ராசவுண்ட் கைகொடுக்கும். அறுவை அறைக்குள்ளேயே எம்.ஆர்.ஐ. வைத்துக்கொள்வது 1990களில் பாஸ்டன் நகரில் தொடங்கியது. விலை மிக அதிகம் என்பதால் சில பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கிறது.

கேள்வி: ஆடு மேய்ப்பவர்கள் நாங்கள். பையனுக்கு மூளையில் ‘ஹைடாடிட்’ கட்டி, சாத்துக்குடி அளவு. கட்டி உடைந்தால் ஆபத்து என்கிறார்கள். உடையாமல் எடுக்க முடியுமா?
— தகப்பன், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: முடியும். நுங்கை நகம் படாமல் முழுசாக எடுக்கிற பக்குவம் அதற்கு வேண்டும். உள்ளே இருக்கும் நீர் சிந்தினால் உடம்பு கடுமையாக ஒவ்வாமை காட்டும். சிந்திய இடத்திலெல்லாம் புதுக் கட்டி முளைக்கும்.

அர்ஜென்டினாவின் டௌலிங் 1929-ல் விவரித்த முறைதான் இன்றும் கையாளப்படுகிறது. கட்டியைக் கருவியால் பிடித்து இழுப்பதே இல்லை. கட்டிக்கும் மூளைக்கும் இடையே மெல்லிய குழாயைச் செருகி உப்புநீரைப் பாய்ச்சுவார்கள். பின்பக்கம் நீர் சேரச் சேரக் கட்டி தானே மிதந்து மேலேறும். தலையைத் தாழ்த்தி வைத்தால் எடையும் உதவும். எம்.ஆர்.ஐ. இதில் மூன்று விஷயங்களைச் சொல்லும்: கட்டியின் முழு விட்டம், அதற்கு மேல் மூளை எங்கே மெலிந்திருக்கிறது, ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது. விட்டம் தெரிந்தால்தான் கட்டி முழுசாக வெளிவரும் அளவுக்கு எலும்பில் வாசல் வைக்க முடியும். இங்கே சின்னத் துளை போட்டுச் சமாளிக்கும் பேச்சுக்கே இடமில்லை.

கல்லீரலையும் நுரையீரலையும் ஸ்கேன் பார்த்துவிடுங்கள். இது நாயிடமிருந்து வரும் நாடாப்புழுவின் கட்டி. அதனால் ஆடு வெட்டும்போது ஈரல், நுரையீரல் கழிவை நாய்க்குப் போடாதீர்கள். நாயைத் தொட்ட கையைப் பிள்ளைகள் கழுவட்டும்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன் என்ன செய்தார்கள்?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: காற்றடித்தார்கள். அமெரிக்காவின் வால்டர் டாண்டி 1918-ல் நீரறைக்குள்ளேயும் 1919-ல் முதுகெலும்பு வழியாகவும் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். நோயாளிகள் தலைவலியிலும் வாந்தியிலும் துவண்டுபோவார்கள். அந்த மங்கல் நிழலை வைத்துக்கொண்டே டாண்டி 1921-ல் கொலாய்டு சிஸ்ட்டை எடுத்திருக்கிறார். ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூரிலும், பி. ராமமூர்த்தி 1950-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையிலும் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கியபோதும் சிடி கிடையாது. நோயாளியை நடக்க வைத்தும், கண்ணைப் பார்த்தும், கேள்வி கேட்டுமே கட்டியின் இடத்தைக் கணித்தார்கள். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளிக்கு சிடி எடுத்தபோது திரையில் தெரிந்தது என்ன தெரியுமா? மூளையின் முன்பகுதியில் ஒரு நீர்க்கட்டி.

கேள்வி: மகளுக்கு ஷண்ட் (மூளை நீரை வடிக்கும் குழாய்) வைத்திருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?
— வாசகி, தேனி

பதில்: எடுக்கலாம். ஆனால் வெளியிலிருந்து காந்தத்தால் அளவு மாற்றும் வகை வால்வு என்றால், ஸ்கேன் காந்தம் அந்த அளவைப் புரட்டிவிடலாம். வால்வின் பெயர் எழுதிய அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். எடுத்து முடித்த அன்றே அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வேறொரு சர்ஜனிடமும் கருத்துக் கேட்க நினைக்கிறோம். ஃபிலிம் கொண்டுபோனால் போதுமா?
— வாசகர், ஈரோடு

பதில்: போதாது. ஃபிலிமில் இருப்பது தேர்ந்தெடுத்த சில படங்கள்தான். குறுந்தகட்டையோ பென் டிரைவையோ கேட்டு வாங்குங்கள், அதில்தான் எல்லாத் துண்டுகளும் இருக்கும். பிறகு சர்ஜனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? எந்த வழியாகப் போகிறீர்கள், அந்த வழியில் என்ன இருக்கிறது? முழுதும் எடுப்பதா, வடிகால் மட்டும் வைப்பதா? படத்தைத் திரையில் போட்டு, விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஐந்து வருடத்துக்கு முந்தைய ஸ்கேன் பீரோவுக்குள் கிடந்தால் அதையும் எடுத்துப்போங்கள். அன்றும் இன்றும் அதே அளவு என்று தெரிந்தால், சர்ஜன் உங்களை ஆபரேஷன் இல்லாமலே ஈரோட்டுக்கு பஸ் ஏற்றிவிடலாம்.